கோஹா இலவசம், கொட்டேஷன் தனி

“சாஃப்ட்வேர் இலவசம்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் இந்த 40,000 எதுக்கு?”

என் முதல் கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு கல்லூரி முதல்வர் கேட்டது இது. தப்பு என்னுடையதுதான். ‘கோஹா நூலக மென்பொருள்’ என்று ஒரே வரி எழுதி, எதிரே தொகையைப் போட்டிருந்தேன்.

கோஹா, நியூசிலாந்தின் ஹோரோஃபெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999-இல் எழுதப்பட்டு, 2000 ஜனவரியில் ஓடத் தொடங்கியது. மாவோரி மொழியில் ‘அன்பளிப்பு’ என்று பொருள். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமம் என்பதால் காசுக்கு விற்கவும் தடையில்லை. அந்த உரிமத்தை எழுதிய ரிச்சர்ட் ஸ்டால்மனே 1985-இல் தன் ஈமேக்ஸ் எடிட்டரை டேப்பில் பதிந்து 150 டாலருக்கு விற்றவர்தான். ஆனால் அன்று பலருக்கு டேப் தேவைப்பட்டது. இன்று நெட்டில் சும்மா கிடைப்பதற்கு யார் காசு தருவார்?

அன்று இரவே கொட்டேஷனை வேலை வேலையாகப் பிரித்து எழுதினேன். சர்வரில் டெபியன் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு கோஹா நிறுவ 6,000. பழைய பதிவுகளை மாற்ற, புத்தகத்துக்கு 2 ரூபாய். பார்கோடு ஒட்டும் கூலி தனி. மூன்று நாள் பயிற்சிக்கு 9,000. அடுத்த வருடத்திலிருந்து ஏ.எம்.சி., அதாவது ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கூட்டினால் முதலில் கேட்டதைவிட அதிகம்! முதல்வர் பேரமே பேசவில்லை. பயிற்சியில் ஒரு நாள் மட்டும் கூட்டிக் கேட்டார்.

உயிரை எடுத்தது பழைய பதிவுகள்தான். 14,000 புத்தகங்கள், எல்லாம் எக்செல்லில். தமிழ்த் தலைப்புகள் பாமினியில்; ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்திருக்கும் பழைய எழுத்துரு அது. எழுத்துருவை மாற்றினால் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். எல்லாக் கணினியிலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடுக்கு மாற்ற பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஓட்டினேன். பாமினியில் ஆங்கில ‘சி’ இருக்கும் இடத்தில் ‘ஊ’ வரும். கணினித் துறை அலமாரியில் இருந்த ‘சி’ மொழிப் புத்தகங்கள் எல்லாம் ‘ஊ’ மொழிப் புத்தகங்கள் ஆகிவிட்டன. நூலகர் அம்மா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அதைச் சரிசெய்து ஏற்றினால், தமிழ்த் தலைப்பைத் தேடும்போது ஒன்றும் வரவில்லை. கோஹாவுக்குள் தேடலைக் கவனிக்கும் ஸீப்ராவை, யூனிகோடு எழுத்துகளைக் கையாளும் ஐசியு முறைக்கு மாற்றி, மொத்தத்தையும் மறுபடி இன்டெக்ஸ் செய்ய வேண்டும். செய்ய அரை நாள் போதும். கண்டுபிடிக்கத்தான் நான்கு நாள் ஆனது. அந்த நான்கு நாளுக்குக் கொட்டேஷனில் வரி இல்லை.

இப்போது ஏ.எம்.சி.தான் வீட்டு வாடகையைக் கட்டுகிறது. மே, நவம்பர் என வருடத்துக்கு இரண்டு புதிய பதிப்பு வரும். அப்டேட், பேக்கப், அப்புறம் ‘தம்பி, பிரிண்டர் வேலை செய்யல’ என்று வரும் போன்கள். கோஹாவுக்கும் பிரிண்டருக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் போவேன்.

அந்த ஸ்கிரிப்டைப் பொதுவில் போட்டபோது, சோற்றில் மண்ணைப் போட்டுக்கொள்கிறாய் என்று நண்பன் திட்டினான். மூன்று மாதம் கழித்து வேறொரு கல்லூரியிலிருந்து போன். “உங்க ஸ்கிரிப்டை நாங்களே ஓட்டிட்டோம் சார், தலைப்பெல்லாம் நல்லா வந்துடுச்சு. தமிழ்ல தேடினாத்தான் ஒண்ணும் வர மாட்டேங்குது.”

இந்த முறை கொட்டேஷனில் அந்த வரியும் இருந்தது.