மழையின் மேல் போட முடியாத பழி

கனிமச் சுரங்கங்களைப் பற்றிச் சேலத்தில் நடந்த ஒரு கருத்துக் கேட்புக் கூட்டத்தில் நான் கேட்ட பதில் இது. மழைக்காலத்தில் கிணற்றிலும் ஓடையிலும் கலங்கல் வருகிறது என்று ஊர்க்காரர் ஒருவர் முறையிட்டபோது, "மழை பெய்தால் மண் கரையத்தானே செய்யும், அதற்கு நாங்கள் என்ன செய்ய முடியும்?" என்று சுரங்கத் தரப்பில் சொன்னார்கள். கூட்டத்தில் பலரும் அதை ஒப்புக்கொண்டு அமைதியாகிவிட்டனர். அந்தப் பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லை என்பதை நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

சேலம் நகரத்துக்கும் ஏற்காடு அடிவாரத்துக்கும் இடையிலுள்ள வெள்ளைக்கல் பகுதியில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மேக்னசைட் வெட்டப்பட்டு வந்திருக்கிறது. எஃகு உலைகளுக்கான தீச்செங்கல் செய்ய உதவும் இந்தக் கல், கரும்பாறைக்குள் மெல்லிய நரம்புகளாக ஓடுவதால், சிறிதளவு கல்லை எடுக்கப் பெருமளவு பாறையையும் மண்ணையும் தோண்டிக் கொட்ட வேண்டியிருக்கிறது. அப்படிக் கொட்டியவைதான் இன்று குன்றுகளாக நிற்கும் கழிவுமண் குவியல்கள். சேர்வராயன் மலையின் மேலே பாக்சைட் வெட்டிய இடங்களிலும், நிறம் சிவப்பு என்பதைத் தவிர, நிலைமை வேறில்லை. பெருமழையில் இந்தக் குவியல்கள் கரைந்து ஓடைக்கும், ஓடையிலிருந்து ஏரிக்கும், கடைசியில் திருமணிமுத்தாற்றுக்கும் போய்ச் சேர்கின்றன.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஆலைக் குழாயிலிருந்து வரும் கழிவுநீரை மட்டும் மாசு என்று சொல்லவில்லை. திரவமோ வாயுவோ திடப்பொருளோ, நேரடியாகவோ மறைமுகமாகவோ நீரில் சேர்ந்து அதைக் கேடுள்ளதாக ஆக்கக்கூடுமானால் அது மாசுதான். ஆகவே குவியலிலிருந்து கரைந்து வரும் வண்டலும் அந்த வரையறைக்குள் அடங்கும். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, ஓடை என்பதற்கு அந்தச் சட்டம் தரும் பொருள். நீர் ஓடிக்கொண்டிருந்தாலும் அப்போதைக்கு வறண்டிருந்தாலும் நீர்வழி நீர்வழியே என்றும், நிலத்தடி நீரும் அதில் அடங்கும் என்றும் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பதாலேயே வண்டித்தடமாகவும் மண் கொட்டும் இடமாகவும் ஆக்கப்பட்டுவிட்ட நம் அடிவாரத்து ஓடைகளுக்கு, இந்த ஒரு வரி பெரிய பாதுகாப்பு.

இனி மழை என்ற வாதத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் ஒருவர் கட்டிய நீர்த்தேக்கத்தின் தண்ணீர், கைவிடப்பட்ட பழைய சுரங்க வழிகள் மூலம் பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்துக்குள் புகுந்த வழக்கில், ஆபத்தானதைத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர் அது வெளியேறினால் பொறுப்பாவார் என்று 1868இல் தீர்ப்பானது. ஆனால் இயற்கைப் பேரிடர் போன்ற விதிவிலக்குகள் அந்த விதிக்கு இருந்தன. டெல்லியில் ஓலியம் என்ற அமில வாயு கசிந்த வழக்கில் 1986 டிசம்பரில் தீர்ப்பளித்த நம் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழில்களுக்கு அந்த விதிவிலக்குகள் எதுவும் கிடையாது என்று அறிவித்தது. கல் வெட்டுவது அபாயகரமான தொழிலா என்று சுரங்கத் தரப்பு வாதாடலாம். அந்த வாதத்துக்குள் நுழையாமலேயே வழி இருக்கிறது. சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, நீர் மாசுச் சட்டம் உள்ளிட்ட சட்டங்களுக்கு உட்பட்ட எந்தச் செயலால் சொத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ கேடு நேர்ந்தாலும், அதற்குக் காரணமானவர் நிவாரணமும் இழப்பீடும் தர வேண்டும் என்று சொல்கிறது. விபத்தாக இருந்தால், தவறு செய்தாரா என்று பாராமலேயே பொறுப்பைச் சுமத்தும்படியும் அது கூறுகிறது. குவியலை அங்கே கொட்டியது மழை இல்லையே.

உண்மையான சிக்கல் வேறொரு இடத்தில் இருக்கிறது. மேக்னசைட் நரம்புகளைச் சூழ்ந்துள்ள பாறையிலேயே மெக்னீசியம் மிகுதி. குரோமியமும் நிக்கலும் உண்டு. அதனால், "உங்கள் கிணற்று நீர் இயல்பிலேயே கடினமானது" என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் பாலாற்றைக் கெடுத்த வழக்கின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு இங்கே நமக்குத் துணை. கேடு உறுதியாகும்வரை காத்திராமல் முன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று கூறிய அந்தத் தீர்ப்பு, தன் செயல் கேடற்றது என்று நிரூபிக்கும் சுமையைத் தொழில் நடத்துபவர் மீதே வைத்தது. பல சுரங்கங்களும் நகரச் சாக்கடையும் சேர்ந்து கெடுத்திருந்தால், அவரவர் பங்குக்கேற்பப் பொறுப்பைப் பிரித்துத் தரவும் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டு.

இருந்தாலும், நிரூபிக்கும் சுமை அவர்களுடையது என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது. அடிவாரத்தில் என் பெரியப்பாவின் கிணறு, மேலேயுள்ள குவியல் உயர உயர மழைக்குப் பின் பால்போல் கலங்கத் தொடங்கியது. அந்த நீரில் பருப்பு வேகவில்லை. பெரியப்பா பல மனுக்கள் எழுதினார். ஒன்றில்கூட ஓர் அளவு இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மெக்னீசியம் லிட்டருக்கு 30 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாத நிலையில் 100 வரை அனுமதிக்கலாம் என்றும் சொல்கிறது. மழைக்கு முன்னும் முதல் பெருமழைக்குப் பின்னும், குவியலுக்கு மேற்புறமும் கீழ்ப்புறமும் நீர் எடுத்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்து எழுத்தில் அறிக்கை பெற வேண்டும். தீர்ப்பாயம் சாட்சியச் சட்டத்தின் விதிகளுக்குக் கட்டுப்பட்டதன்று என்பதால், ஊரார் பெற்ற அறிக்கையையும் அது கருத்தில் கொள்ளலாம்.

பழைய அளவு நம்மிடம் இல்லையே என்று கவலைப்படுவோருக்கு ஒன்று சொல்வேன். சுற்றுச்சூழல் அனுமதி கேட்கும்போது நிறுவனம் தாக்கல் செய்யும் தாக்க மதிப்பீட்டு அறிக்கையில், சுற்றுவட்டாரக் கிணறுகளின் நீர்ப் பரிசோதனை முடிவுகள் இருக்கும். அனுமதி பெற்ற பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, அனுமதியின் நிபந்தனைகளைப் பின்பற்றியது பற்றிய இணக்க அறிக்கையும் தர வேண்டும். இரண்டையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கினால், அவர்களே எழுதிக்கொடுத்த எண்களோடு இன்றைய நீரை ஒப்பிட முடியும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். இழப்பீடு கோரும் மனுவை, வழக்குக்கான காரணம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். நமக்குரியது சென்னையிலுள்ள தென்மண்டல அமர்வு. ஆலைக் கழிவு கிணறுகளைப் பாழாக்கிய ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்தில், பொறுப்பு யாருடையது என்று 1996இல் தீர்ப்பான பிறகும் பணம் வராமல் வழக்கு நீண்டது. சீரமைப்புக்குரிய 37 கோடியே 38.5 லட்சம் ரூபாயை 12 சதவீதக் கூட்டு வட்டியுடன் செலுத்தும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2011இல். அந்தக் கிராமத்தில் ஒரு தலைமுறையே கெட்ட நீரோடு வளர்ந்திருக்கிறது. தாமதத்துக்கு வட்டி போட்டது நல்ல முன்மாதிரிதான் என்றாலும், நம் ஊர் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது என்றே நினைக்கிறேன்.

வேலை நின்றுபோன குழிகளை யாரும் மறக்க வேண்டாம். மேக்னசைட், பாக்சைட் சுரங்கங்களை மூடுவதற்கு, ஒப்புதல் பெற்ற இறுதி மூடல் திட்டத்தை நிறைவேற்றி, மத்திய அரசின் இந்தியச் சுரங்கப் பணியகத்திடமிருந்து (Indian Bureau of Mines) அதற்கான சான்று பெற வேண்டும் என்பது விதி. உங்கள் ஊர் ஓடைக்கு மேலே கைவிடப்பட்ட குவியல் இருந்தால், அந்தச் சான்று வழங்கப்பட்டதா, சரிவில் தடுப்புச் சுவரும் வடிகாலும் கட்டப்பட்டதாக அதில் எழுதியிருக்கிறதா என்று அந்தப் பணியகத்தின் சென்னை அலுவலகத்துக்கு முதல் மனுவை அனுப்புங்கள்.