வாடகைக் கவரும் சம்பளக் கவரும்

மாசா மாசம் 5ஆம் தேதி ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிட்டு மேசைல ரெண்டு கவர் எடுத்து வைப்பேன். ஒண்ணுல 14,000, அது கட்டட ஓனருக்கு. இன்னொண்ணுல 8,500, அது நம்ம கடைல நிக்குற பிள்ளைக்கு. பி.காம் முடிச்ச பிள்ளை, காலைல ஒம்பதரைக்கு வந்தா ராத்திரி ஏழரை வரைக்கும் ஜெராக்ஸ், ஆன்லைன் அப்ளிகேஷன், ஸ்பைரல் பைண்டிங்னு எல்லாம் பாக்கும், நான் இல்லாத நேரம் கடையே அவ கைலதான். ஓனரு ஷார்ஜால இருக்காரு, கடை வாசலை மிதிச்சு ரெண்டு வருஷமாச்சு. வாடகைய அவருக்க மச்சினன் வந்து ரொக்கமா வாங்கிட்டுப் போவாரு, ஜிபே வேண்டாமாம், ஏன்னு நான் கேட்டதில்ல.

கடை நாரோயில்ல, அதாவது நாகர்கோவில்ல, செட்டிகுளம் பக்கம், 160 சதுர அடி, ரெண்டு மெஷினும் ஒரு கம்ப்யூட்டரும் வச்சா ஆள் ஒருக்களிச்சுதான் நடக்கணும். 2016ல எடுக்கும்போ வாடகை 6,500, அன்னைக்கு நின்ன பிள்ளைக்கு 6,000. ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணா இருந்திருக்கு பாருங்க. இன்னைக்கு வாடகை இரட்டிக்கும் மேல, சம்பளம் கூடினது வெறும் 2,500.

நான் கஞ்சனான்னு கேட்டா கொஞ்சம் உண்டு, மறைக்கல. ஆனா டோனருக்கு வெலை பேச முடியாது, கரண்ட் பில்லுக்குப் பேச முடியாது, வாடகை ஒரு நாள் பிந்தினா மச்சினன் போன் வந்துரும். வளைஞ்சு குடுக்குறது அந்தப் பிள்ளை மட்டும்தான். "அண்ணே, அடுத்த மாசம் ஒரு ஐநூறு கூட்டித் தர முடியுமா"ன்னு கேக்கும், "பாப்போம் மக்ளே"ன்னு சொல்லுவேன், அதோட முடிஞ்சுது. மச்சினன்கிட்ட போய் இதே பாப்போமைச் சொல்ல முடியுமா?

இது எனக்கும் அவளுக்கும் உள்ள சங்கதின்னுதான் நெனச்சிருந்தேன், பக்கத்து சாயாக்கடை அண்ணன் வாயத் திறக்குற வரைக்கும். போன வருஷம் ஒரு நாள் கண்ணாடி கிளாசைக் கழுவிட்டே சொன்னாரு, "உம்ம கடைப் பிள்ளையும் எதுத்த துணிக்கடைப் பிள்ளையளும் சாயா குடிக்கத நிறுத்தினதுல மட்டும் எனக்கு நாளைக்கு நாப்பது சாயா போச்சு வே". உண்மைதான், முன்னால பதினோரு மணிக்கு அவளுக்கு ஒரு சாயாவும் ரசவடையும் வரும், இப்ப வீட்டுலருந்து கொண்டு வாற தண்ணி பாட்டில்தான். சாயா 12 ரூபான்னா நாப்பதுக்கு 480, மாசம் 26 நாள் கூட்டிப் பாருங்க, பன்னெண்டாயிரத்துக்கு மேல. அவரு வடை போட உதவிக்கு வச்சிருந்த ஆளை நிறுத்திட்டாரு. அந்த ஆள் வாரத்துக்கு ஒரு தடவ எங்கிட்ட லாட்ஜ் ரெஜிஸ்டர் தாள் ஜெராக்ஸ் எடுக்க வருவாரு, பார்ட் டைமா லாட்ஜுலயும் நின்னாரு, இப்ப ரெண்டும் இல்ல, அவரும் வாறதில்ல.

வியாபாரம் இப்படி இருந்தா வாடகை குறையணும்லா, ஏன் குறையல்லன்னு ரொம்ப நாள் மண்டையப் போட்டு உடைச்சிருக்கேன். நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல ஒரு பக்கம் மலையும் காடும், ஒரு பக்கம் கடல், நடுவுல கொஞ்சம் நெலம். 2011 சென்ஸஸ்ல சதுர கிலோமீட்டருக்கு 1,111 பேரு, தமிழ்நாட்டு சராசரி 555தான். அதுபோக வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டுல, அனுப்புற காச போட இங்க தொழிற்சாலையா இருக்கு, சென்ட் சென்டா எடம்தான். நான் குடுக்குற 14,000 நேரா இன்னொரு எடத்துக்கு அட்வான்ஸா போகும், அதனால எடத்துக்க வெலை ஏறும், அதக் காட்டி அடுத்த வருஷம் என் வாடகையக் கூட்டுவாங்க. என் காச வச்சே எனக்கு ஆப்பு. கடை பூட்டிக் கிடந்தாலும் ஷார்ஜாக்காரருக்கு சோறு முட்டாது, அதனால குறைச்சு விடணும்னு அவருக்கு அவசரமே இல்ல. வாடகைய முடிவு பண்ணுறது திர்ஹாம், சம்பளத்த முடிவு பண்ணுறது என் கல்லாப்பெட்டி, ரெண்டும் எப்படி ஒத்துப் போகும்?

அதே சென்ஸஸ்ல எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்துலயே முதல் எடம். பெருமைதான், ஆனா எனக்கு அதுக்க அர்த்தம் வேற, இந்தப் பிள்ளை போனா இன்னொரு பி.காம் நாளைக்கே வரும்.

ஆம்பளையளுக்கு ஒரு வழி உண்டு. விடியக்காலம் திருவனந்தபுரம் போற ரெயில்ல பாருங்க, தூக்குவாளியும் கரண்டியுமா கொத்தனாருங்க. ரிசர்வ் வங்கி 2022-23 கணக்குல கேரளா கிராமத்துல கட்டட வேலைக்கு ஒரு நாள் கூலி 850 ரூபா கிட்ட, நாட்டு சராசரி 393. போகாம இருப்பாங்களா. இங்க வீடு கட்ட வடநாட்டுலருந்து ஆள் வருது, அவங்களுக்கு ஒத்த ரூம்ல எட்டு பேர போட்டு ஆளுக்கு 1,500 வாங்குறாங்க, குடும்பத்துக்கு விட்டா அந்த ரூம் அஞ்சாயிரம் தாண்டாது, அப்ப குடும்பத்துக்கு எவன் விடுவான்?

நம்ம பிள்ளைக்கு வீடு பூதப்பாண்டி பக்கம், ஒத்திக்கு எடுத்த வீடு. டவுனுக்குள்ள வாடகைக்குப் பாத்தாங்களாம், அவ சம்பளம் அப்படியே போயிரும்னு விட்டுட்டாங்க. 2021லருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் இல்லல்லா, அதனாலதான் அவளுக்கு 8,500 கட்டுது. இத ஒரு நாள் ராத்திரி படுத்துக்கிட்டே யோசிச்சேன், பஸ்ஸுக்குக் காசு குடுக்கணும்னா நான் சம்பளத்தக் கூட்டியிருக்கணும், அப்ப சர்க்கார் அவளுக்குத் தந்த சலுகைல பாதி எனக்கு வந்துது, நான் அதையும் பொத்துனாப்ல ஷார்ஜா கவர்ல வச்சேன்.

அதே 2021லதான் கடைல நிக்குறவங்களுக்கு உக்கார எடம் குடுக்கணும்னு தமிழ்நாட்டுல சட்டத் திருத்தம் வந்துது. நல்ல சட்டம், நானும் ஒரு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். இப்ப அந்த ஸ்டூல் மேல ஏ4 பேப்பர் பண்டல் நாலு இருக்கு, ஏன்னா பண்டல் வைக்க வேற எடமில்ல, ஒரு சதுர அடிக்கு மாசம் 87 ரூபா குடுக்கேன்.

போன வாரம் மச்சினன் வந்தாரு, சித்திரைலருந்து 15,500ன்னு சொல்லிட்டுப் போனாரு. மறுநாள் பிள்ளை வந்து தலையக் குனிஞ்சிட்டே சொல்லுது, திருவனந்தபுரத்துல ஒரு கடைல வேலை கெடச்சிருக்கு, தங்க எடம், சாப்பாடு, கைல 13,000. "போறதா அண்ணே"ன்னு எங்கிட்டயே கேக்குது. போ மக்ளேன்னேன், வேற என்ன சொல்ல.

எதிர்க்கடை ஷட்டர்ல ஒட்டின 'கடை வாடகைக்கு' பேப்பர் வெயில்ல வெளுத்து போன் நம்பரே தெரியலன்னு நேத்து மறுபடி பிரிண்ட் போட வந்தாங்க, நான்தான் போட்டுக் குடுத்தேன், மூணாவது தடவ. அவங்க போனதும் அதே ஃபைல்ல எழுத்த மாத்தி 'வேலைக்கு ஆள் தேவை'ன்னு எனக்கும் ஒண்ணு எடுத்துக்கிட்டேன். சம்பளம்ங்கிற எடத்துல 'நேரில்'னு போட்டிருக்கு.