நான்கு விநாடி

"அப்ப நான் நிறுத்தினது தப்பாம்மா?"

நான் எடுத்த ஒரு நேர்காணலின் எழுத்துப்படியில் இது 14ஆம் பக்கத்தில் வருகிறது. அடுத்த வரியில், அடைப்புக்குறிக்குள், "மௌனம், 4 விநாடி". அதற்குக் கீழே என் பதில்: "அதை நீங்க டாக்டர்கிட்டதான் கேக்கணும் அக்கா."

மூன்று விநாடிக்கு மேல் யாரும் பேசாமல் இருந்தால் அதைக் குறிக்க வேண்டும் என்று ஆராய்ச்சி உதவியாளரிடம் சொல்லியிருந்தவள் நான்தான். பங்கேற்பாளர்களின் மௌனம் முக்கியம் என்று நினைத்துச் சொன்னது. என் மௌனத்தையும் அவர் எண்ணி வைப்பார் என்று நான் யோசிக்கவில்லை.

காசநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் ஒரு துண்டுப்பிரசுரத்தை எப்படிப் படிக்கிறார்கள், எதை எடுத்துக்கொள்கிறார்கள், எதை விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் ஆய்வு. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்த பிறகு என் பெயரில் நடந்த முதல் ஆய்வு. ஒப்பந்தம் மூன்று ஆண்டு. அதற்குள் வகுப்புகளும் எடுக்க வேண்டும், கட்டுரைகளும் வர வேண்டும். சுகாதாரத் தொடர்பியலில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அந்த அக்கா சொன்னது இதுதான். மருந்து ஆரம்பித்ததுமே சிறுநீர் செம்மஞ்சளாகப் போயிருக்கிறது. ரத்தம் என்று நினைத்துவிட்டார். வீட்டில் சொல்லக் கூச்சம். மூன்று வாரம் பொறுத்துப் பார்த்தார். இருமலும் குறைந்துவிட்டது, காய்ச்சலும் இல்லை. நிறுத்திவிட்டார். துண்டுப்பிரசுரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "நிறுத்தினா ஆபத்துன்னு போட்டிருக்கு. ஆனா சாப்பிட்டா ரத்தமா போகுதே, அதை எங்கேயும் போடலையே" என்றார். பிறகுதான் அந்தக் கேள்வி.

ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீர் அந்த நிறத்தில் போவது சாதாரணம். வியர்வையும் கண்ணீரும்கூட நிறம் மாறலாம். மருந்தின் நிறம்தான், கெடுதல் இல்லை. மருந்துகளுக்கு அடங்கும் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். முதல் இரண்டு மாதம் நான்கு மருந்துகள், அப்புறம் நான்கு மாதம் குறைவான மருந்துகள். சில வாரங்களிலேயே உடம்பு தேறிவிடும், கிருமி அவ்வளவு சீக்கிரம் போகாது. நடுவில் விட்டால் நோய் திரும்பி வரலாம், மருந்துக்கு அடங்காததாகவும் மாறலாம். இதெல்லாம் எனக்குத் தெரியும். நேர்காணலுக்குப் போவதற்கு முன்பே தெரியும். அதனால்தான் அந்த 4 விநாடி என்னை விடமாட்டேன் என்கிறது. தெரியாமல் விழித்த மௌனம் இல்லை அது. சொல்லலாமா கூடாதா என்று கணக்குப் பார்த்த மௌனம்.

நேர்காணல் வழிகாட்டியில் தெளிவாக எழுதியிருக்கிறது: மருத்துவ ஆலோசனை சொல்லக் கூடாது, கேட்டால் சிகிச்சை தருபவரிடம் அனுப்ப வேண்டும். ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்ட வாசகம். நல்ல காரணத்துக்காக இருக்கும் விதி. நான் மருத்துவர் இல்லை. அது உண்மையிலேயே ரத்தமாக இருந்திருந்தால்? அவருக்கு வேறு ஏதாவது கோளாறு இருந்திருந்தால்? "ஒண்ணுமில்லை, மருந்தோட நிறம்தான்" என்று நான் தைரியம் சொல்லி, அவர் அதை நம்பி மருத்துவமனைக்கே போகாமல் இருந்துவிட்டால்? துறையில் மூத்தவர் ஒருவரிடம் சொன்னபோது அவரும் இதையேதான் கேட்டார். "நீங்க செஞ்சது சரிதான்" என்றார். அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் நடுவில் பேசாமல் இருந்ததால்தான் அவர் அவ்வளவும் சொன்னார். முதல் வாக்கியத்திலேயே திருத்தியிருந்தால், மிச்சமெல்லாம் உள்ளேயே போயிருக்கும். "ஆமா, எல்லா மாத்திரையும் ஒழுங்கா சாப்பிடுறேன்" என்று அடுத்த கேள்விகளுக்குப் பதில் வந்திருக்கும். அவர் சொன்னதை வைத்துத்தான் துண்டுப்பிரசுரத்தின் அடுத்த பதிப்பில் நிறம் மாறுவது பற்றிய வரி முதல் பக்கத்துக்கே வந்தது. கட்டுரையிலும் அவர் சொன்னதுதான் உயிர். பலருக்கு உதவும். அவருக்கு?

மாணவர்களுக்கு நான் நடத்தும் முதல் பாடமே காசநோயில்தான் ஆரம்பிக்கும். 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் காசநோய்க்கு இலவசமாக எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தும் மக்கள் பலர் ஏன் வரவில்லை என்று ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் முதலிய சமூக உளவியலாளர்கள் யோசித்தார்கள். அந்த யோசனையிலிருந்து 'சுகாதார நம்பிக்கை மாதிரி' (Health Belief Model) என்ற கோட்பாடு பிறந்தது. நோய் வரும் என்று நம்புகிறார்களா, வந்தால் மோசம் என்று நினைக்கிறார்களா, செய்வதால் பலன் உண்டு என்று தோன்றுகிறதா, நடுவில் என்ன தடை. கரும்பலகையில் கட்டம் போட்டு இதை எழுதுவேன். அந்த அக்காவுக்கு எல்லாக் கட்டமும் சரியாகத்தான் இருந்தன, தடை என்ற ஒன்றைத் தவிர. அந்தத் தடையை ஒரு வாக்கியத்தில் எடுத்திருக்கலாம்.

1992இல் தொடர்பியல் ஆய்வாளர் கிம் விட்டி எழுதியதையும் நடத்துவேன். பயமுறுத்தினால் மட்டும் போதாது, என்ன செய்யலாம் என்பதையும் கையில் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆள் ஆபத்தை விட்டுவிட்டுத் தன் பயத்தை அடக்குவதில் இறங்கிவிடுவார். எங்கள் துண்டுப்பிரசுரம் ஆறு மாதம் கழித்து வரக்கூடிய ஒரு பயத்தைச் சொன்னது. அவருக்கு அன்றாடம் காலையில் கண்ணெதிரே ஒரு பயம் இருந்தது. எது ஜெயிக்கும்? இதைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் அன்றைக்கே என் குறிப்பேட்டில் இரண்டு பக்கம் எழுதினேன். அவர் எதிரே உட்கார்ந்திருக்கும்போதே அது என் மனதில் ஓட ஆரம்பித்துவிட்டது என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. அந்த 4 விநாடியில் விதியை நினைத்தேனா, கட்டுரையை நினைத்தேனா? விதியைத்தான் என்று பல நாள் சொல்லிக்கொண்டேன். ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

நேர்காணலுக்கு அடுத்த வாரம் வகுப்பில் டீச்-பேக் (teach-back) பாடம். நோயாளியிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், "வீட்டுல போய் இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள், நீங்கள் சரியாகச் சொன்னீர்களா என்பது அப்போதுதான் தெரியும் என்று நடத்திக்கொண்டிருந்தேன். நடுவில் குரல் தடுமாறியது. நான் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்றபோது அந்த அக்கா தலையாட்டினார். மருத்துவமனையின் எண் அச்சிட்ட தாளைக் கொடுத்தேன், அதற்கும் தலையாட்டினார். மருத்துவரிடம் கேட்க முடிந்தவர் மூன்று வாரம் முன்பே கேட்டிருப்பார். கேட்க முடியாததால்தானே என்னைக் கேட்டார்.

ரெக்கார்டரை அணைத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். இதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை. வெளியே அடுத்தவர் காத்திருந்தார் என்பது காரணமே இல்லை. பிறகு தேடிப் போக வழியும் இல்லை. பெயரும் எண்ணும் எழுத்துப்படியோடு சேராதபடி நாங்களே அறுத்து வைத்திருந்தோம், மறுபடி தொடர்புகொள்ள ஒப்புதல் படிவத்தில் இடமும் வைக்கவில்லை. அவருடைய பாதுகாப்புக்காகச் செய்தது. அவர் மருத்துவமனைக்குப் போயிருக்கலாம். துண்டுப்பிரசுரத்தை இன்னொரு முறை படித்து மனம் மாறியிருக்கலாம். போகும்போது என் தலையைத் தொட்டு, "நல்லா படிம்மா" என்றார். என்னை மாணவி என்று நினைத்திருக்கிறார்.

இப்போது அடுத்த ஆய்வு. புதிதாகச் சேர்ந்த இரண்டு உதவியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்தபோது நானும் அதே விதியைத்தான் சொன்னேன்: மருத்துவ ஆலோசனை சொல்லாதீர்கள். சொல்லும்போது முழு மனதோடுதான் சொன்னேன். அரைகுறையாகத் தெரிந்த பையன் ஒருவன் மாத்திரை அளவைப் பற்றிப் பேசிவிடுவானோ என்ற பயம் உண்மையானது. ஆனால் வழிகாட்டியில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன்: நேர்காணல் முடிந்து பதிவை நிறுத்திய பின், பங்கேற்பாளர் கேட்ட கேள்விக்கு அங்கீகரிக்கப்பட்ட தகவல் தாளில் பதில் இருந்தால் அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும்.

நெறிமுறைக் குழு திருப்பி அனுப்பியிருக்கிறது. எந்தெந்தத் தகவல்? யார் முடிவு செய்வது? தவறாகப் புரிந்துகொண்டால் பொறுப்பு யாருடையது? நியாயமான கேள்விகள். குழுவில் நான் இருந்தாலும் இதையேதான் கேட்டிருப்பேன்.

பதில் எழுத இரண்டு வாரம் கொடுத்திருக்கிறார்கள். பட்டியல் என்று தலைப்புப் போட்டு, முதல் வரியில் ரிஃபாம்பிசின், சிறுநீரின் நிறம் என்று எழுதியிருக்கிறேன். இரண்டாவது வரியில் என்ன எழுதுவது என்று இன்னும் தெரியவில்லை.