வானில் நீந்திய மீனும் திரும்பிக்கொண்ட 'க'வும்

மகளின் வகுப்பில் 'உலகப் பண்பாடுகள்' என்று ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு நாட்டுக் கொடிகள், நிறம் தீட்ட வேண்டும். பத்து நிமிடத்தில் தீட்டிவிட்டு, "முடிஞ்சுது, இனி ஃபோன் தாங்கோ" என்று வந்து நின்றாள். அந்தப் பன்னிரண்டில் ஒரு நாட்டைப் பற்றியாவது அவளுக்கு ஏதாவது தெரிந்ததா என்றால், இல்லை. அந்த எரிச்சலில்தான் சனிக்கிழமைகளில் எங்கள் கொழும்பு வெள்ளவத்தை ஃபிளாட்டில் ஒவ்வொரு நாட்டுக் கைவேலையாகப் பிள்ளைகளோடு செய்துபார்க்கத் தொடங்கினேன். மகள், அவள் தம்பி, மேல் வீட்டுப் பெடியன் என்று மூன்று பேர். நாலரை வயதிலிருந்து எட்டு வரை.

முதலில் ஜப்பானியக் கெண்டைமீன் கொடி, கொய்னோபோரி. மே 5 அங்கே சிறுவர் தினம். 1948 முதல் அரசு விடுமுறை, அதற்கு முன் ஆண்பிள்ளைகளின் நாளாக இருந்தது. கடதாசிக் கூடு கட்டும் பௌத்தப் பண்டிகையான வெசாக் நெருங்கியிருந்ததால் புறக்கோட்டைக் கடைகளில் டிசுக் கடதாசி எல்லா நிறத்திலும் குவிந்து கிடந்தது. கறுப்பு அப்பா மீனுக்கு, சிவப்பு அம்மாவுக்கு, நீலம் பிள்ளைக்கு. செதில்களை வெட்டி, கோதுமை மாப் பசையால் வரிசையாக ஒட்டினோம். பசையை நான் கூடக் காய்ச்சிவிட்டேன், செதில் எல்லாம் அப்பளம்போல் விறைத்து நின்றது.

பிறகு பால்கனியில் கட்டினோம். மே மாதத் தென்மேற்குக் கச்சான் காற்று (மேல் வீட்டுப் பெடியனுக்குக் கச்சான் என்றால் நிலக்கடலைதான் தெரியும், அதை விளக்கவே ஐந்து நிமிடம் போனது) மெரின் டிரைவ் கடற்கரை வீதிப் பக்கமிருந்து ஒரு அடி அடித்தது. அப்பா மீன் வாயோடு கிழிந்து போனது. சின்னவன் அழுதான்.

தப்பு கடதாசியில் மட்டும் இல்லை. வாய் வட்டத்தை அட்டையில் செய்திருந்தேன், அது நசுங்கியதும் காற்று உள்ளே போகவில்லை. அடுத்த சனி பழைய வேட்டித் துணியில் குழாய்போல் தைத்து, வாய்க்கு விளக்குமாற்று ஈர்க்கை இரவு முழுக்க ஊறவைத்து வளைத்துக் கட்டினேன். காய்ந்த ஈர்க்கு வளைக்கும்போதே முறியும். வால் பக்கத்தை ஒடுக்கி, ஆனால் மூடாமல் விட்டேன். மூடினால் காற்று வெளியேறாது, மீன் பைபோல் தொங்கும். இந்த முறை வயிறு உப்பி, வாலை அடித்து அடித்து நீந்தியது.

அப்போதுதான் "மீனை ஏன் மேல கட்டுறாங்கள்?" என்ற கேள்வி வந்தது. அருவியை எதிர்த்து ஏறும் கெண்டை கடைசியில் டிராகனாக மாறும் என்ற சீனக் கதையைச் சொன்னேன். பிள்ளைகளும் அப்படி வளர வேண்டுமாம். "அன்ரி, எங்கட கனால் மீனும் ஏறுமா?" என்றான் மேல் வீட்டுப் பெடியன். வெள்ளவத்தைக் கனாலின் (கால்வாயின்) அழுக்குத் தண்ணீரைப் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்.

மெக்சிகோவின் வெட்டுக் கடதாசித் தோரணம் ஒரே பொழுதில் முடிந்தது. அங்கே தாள்களை அடுக்கி வைத்து உளியால் வெட்டுவார்கள், நாங்கள் மடித்துக் கத்தரிக்கோலால் வெட்டினோம். அம்மம்மா பார்த்துவிட்டு, "இதைத்தானே நாங்கள் குருத்தோலையில கட்டுறம்" என்றார். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

கானாவின் அடின்க்ரா அச்சுத்தான் எனக்குப் பிடித்தது. அங்கே சுரைக்குடுவை ஓட்டில் அச்சைச் செதுக்கி, மரப்பட்டையைக் காய்ச்சிய கரிய சாயத்தில் தோய்த்துத் துணியில் பதிப்பார்கள். நாங்கள் உருளைக்கிழங்கில் செதுக்கினோம். கத்தி என் கையில், கோடு கீறுவது அவர்கள் வேலை. வெட்டியதும் பதித்தால் ஈரத்தில் சாயம் ஊறிப் பரவுகிறது. வெட்டிய முகத்தைத் துடைத்து, பத்திரிகைத் தாளில் அரை மணி கவிழ்த்து வைத்த பிறகே உருவம் தெளிவாக விழுந்தது. சாயத்தில் முக்கவும் கூடாது, பஞ்சால் ஒற்ற வேண்டும். துணியைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் கோடுகளை அங்கே சீப்புப் போன்ற கருவியால்தான் இழுப்பார்கள் என்றேன். அவ்வளவுதான், வீட்டுச் சீப்பு எல்லாம் நாசம்.

சங்கோஃபா என்ற பறவை தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கும். 'திரும்பிப் போய் எடுத்து வா' என்று பொருள். "சாப்பாட்டுப் பெட்டியை மறந்திட்டு வந்தா எடுக்கப் போறது மாதிரி" என்றான் சின்னவன். இந்தத் துணியை முன்பு துக்கத்தில்தான் உடுத்தினார்கள் என்றதும் மகள் கையை எடுத்துவிட்டாள். "செத்தவீட்டுத் துணியா?" இப்போது கொண்டாட்டங்களுக்கும் பளிச்சென்ற நிறங்களில் உடுத்துகிறார்கள் என்று சொன்ன பிறகே தொட்டாள்.

பறவை எந்தப் பக்கம் பார்த்தாலும் பறவைதான், அதனால் இடம் வலம் மாறுவதை யாரும் கவனிக்கவில்லை. கடைசியில் மகள் தன் பெயரின் 'க'வைச் செதுக்கச் சொன்னாள். பதித்தால் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி நின்றது. கோபம். பிறகு தாளில் எழுதி, தாளைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதைப் பார்த்துத் தானே கிழங்கில் கீறினாள். மூன்றாவது கிழங்கில் 'க' சரியாக வந்தது. மீதிக் கிழங்கு அன்று இரவு பால்கறியில்.