கடைசி அரை அங்குலம்

மாமல்லபுரத்துப் பட்டறைகளில் இப்போது உளிச் சத்தத்தைவிடக் கட்டர் மெஷின் சத்தம்தான் அதிகம். வைர பிளேடு மாட்டிக் கல்லில் வரிசையாக அறுத்து, இடையில் நிற்கும் தகடுகளைச் சுத்தியால் தட்டி எடுத்தால், முன்பு வாரக்கணக்கில் பொளிந்த வேலை சில நாளில் முடிந்துவிடுகிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். கருங்கல்லோடு மல்லுக்கட்டித் தோள் தேய்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். ஆனாலும் கடைசி அரை அங்குலத்தை உளியால்தான் எடுக்கிறேன்.

கருங்கல்லில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் குவார்ட்சின் கடினம் 7. மரத்தைப் போல இதைச் சீவி எடுக்க முடியாது. உளி முனை பட்ட இடத்தில் கல் நொறுங்கி உதிர்கிறது, அவ்வளவுதான். உளியைச் சாய்த்துப் பிடித்தால் சில்லு வெளியே தெறிக்கும். நேராக நட்டுக் குத்தினால் அடி உள்ளே இறங்கும். மேலே ஒன்றும் தெரியாது, அடியில் கல் நசுங்கியிருக்கும். பொளிந்த பரப்பாகவே விட்டால் அது யார் கண்ணிலும் படாது. பாலிஷ் போடும்போதுதான் கருப்புப் பரப்பில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் கிளம்பும். அதைப் போக்க, பரப்பு முழுவதையும் அந்த ஆழத்துக்கு இறக்கியாக வேண்டும். எனக்குத் தொழில் சொல்லித்தந்த பெரியவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, "சாய்ச்சு விடு தம்பி, நேரா குத்தாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

சாமி சிலைக்கு அளவு உண்டு. உத்தம தச தாலம் என்பது சிற்ப நூல்கள் சொல்லும் அளவு முறைகளில் ஒன்று; அதில் மொத்த உயரம் 124 சம பாகம். முகத்துக்கு இவ்வளவு, மார்புக்கு இவ்வளவு என்று கணக்கு இருக்கிறது. நூல் பிடித்துச் செங்காவியில் கோடு போட்டுவிட்டால் கை தானாக ஓடும். நவீன சிற்பத்துக்கு அப்படி ஒரு கணக்கு கிடையாது. பிரிட்டிஷ் சிற்பி ஸ்டீபன் காக்ஸ் 1980களில் மாமல்லபுரத்துக்கு வந்து உள்ளூர்ச் சிற்பிகளோடு சேர்ந்து வேலை செய்தார். 1986இல் டெல்லியில் நடந்த ட்ரைனாலே என்ற சர்வதேசக் கலைக் கண்காட்சிக்கு இங்கே செதுக்கிய சிற்பங்கள் போயின. இன்று ஓட்டல் முகப்புக்கும் தோட்டத்துக்கும் உருவமில்லாத வடிவங்கள் கேட்டு எங்களிடமும் வருகிறார்கள்.

முட்டை வடிவில் ஒரு கல் செய்துகொடுங்கள் என்பார்கள். கேட்க எளிது. ஆனால் நகை இல்லை, மடிப்பு இல்லை. பிசகை மறைக்க ஓர் இடமும் இல்லை. பிளைவுட்டில் அச்சு வெட்டிச் சுற்றிச் சுற்றி வைத்துப் பார்ப்பேன். அச்சு ஒட்டி உட்கார்ந்த இடத்திலும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மெல்லிய மேடு ஒன்று தெரியும். கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினால் அந்த மேடு எங்கே தொடங்குகிறது என்று பிடிபட்டுவிடும். அங்கே கட்டரை வைத்தால் மேடு பள்ளமாகிவிடும். உளியில் அரிசி அரிசியாக எடுக்கலாம், எடுக்கும்போதே சத்தத்தையும் கேட்கலாம். நல்ல கல் கணீரென்று பேசும்; உள்ளே கீறல் இருந்தால் சத்தம் மங்கும். சந்தேகம் வந்தால் தண்ணீரை ஊற்றிக் காயவிடுவேன். சுற்றிலும் காய்ந்த பிறகும் ஈரமாக ஒரு கோடு நின்றால், அதுதான் கீறல். மெஷின் இரைச்சலில் காதுக்கு இந்த வேலையே இல்லாமல் போகிறது.

அதைவிடப் பெரிய கவலை தூசி. உளி சில்லாகத் தெறிக்க வைப்பதைக் கட்டர் மாவாக்கிக் காற்றில் விடுகிறது. அந்த மாவில் இருக்கும் சிலிக்கா நுரையீரலில் தங்கினால் சிலிக்கோசிஸ் என்ற நோய் வரும். வந்த பிறகு அதைக் குணப்படுத்த மருந்து இல்லை. 2017இல் எங்கள் ஊர்க் கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது எல்லோரையும் போல நானும் பூரித்தேன். ஆனால் அதே தெருவில் முகத்தில் வெறும் துண்டைச் சுற்றிக்கொண்டு இளம் பையன்கள் அறுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. துண்டு அந்த நுண்தூசியைத் தடுக்காது.

பாலிஷுக்கு எப்படியும் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்கிறோம். அறுப்புக்கும் தண்ணீர் விட்டால் தூசி பெரும்பாலும் அடங்கிவிடும். தண்ணீரோடு அறுக்கவென்றே செய்த மெஷின் வேண்டும், தரை சேறாகும், போட்ட கோடு அழியும், வேலை தாமதமாகும். சரி, ஆகட்டும். அந்தத் தாமதத்துக்கும் சேர்த்து நாள் கொடுத்தால்தான் இப்போது ஆர்டர் எடுக்கிறேன்.