எடிட்டிங் அறையில் முதல் வேலை தேடுபவர்களுக்கு

சினிமாவில் எடிட்டராக வேண்டும் என்று கிளம்பும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் வேகமாக வெட்டிய இரண்டு நிமிட ஷோரீலோடு (தங்கள் வேலையின் மாதிரி வீடியோவோடு) வாய்ப்புக் கேட்கிறார்கள். தவறில்லை. ஆனால் உதவியாளரைச் சேர்க்கும் எடிட்டருக்கு முதலில் தெரிய வேண்டியது, இவரை நம்பி ஹார்ட் டிஸ்க்கைக் கொடுக்கலாமா என்பதுதான். அந்த நம்பிக்கை வந்த பிறகுதான் காட்சியை வெட்டக் கொடுப்பார்கள்.

படப்பிடிப்பிலிருந்து கேமராவின் மெமரி கார்டு வந்ததும் இழுத்துப் போட்டுக் காப்பி செய்யாதீர்கள். பாதியில் ஒரு ஃபைல் கெட்டாலும் கணினி சொல்லாமல் போகலாம். செக்சம் (பிரதி மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறதா என்று காட்டும் எண்) சரிபார்க்கும் மென்பொருளில் மூன்று பிரதிகள் எடுங்கள். ஒன்று வேறு கட்டடத்தில் இருக்கட்டும். சரிபார்ப்பு முடிந்து, நான்கைந்து கிளிப்பை ஓட்டியும் பார்த்த பிறகே கார்டை அழிக்கச் சொல்லலாம். கேமரா கொடுத்த ஃபைல் பெயரை மாற்றவே கூடாது. பிராக்ஸியில் (எடிட்டிங்குக்காக எடுத்த சிறிய பிரதியில்) வெட்டிய படத்தை டி.ஐ.யில் (நிறம் சரிசெய்து இறுதிப் படத்தை உருவாக்கும் கட்டத்தில்) மூல ஃபைல்களோடு இணைப்பது அந்தப் பெயரையும் டைம்கோடையும் (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்ணையும்) வைத்துத்தான். ‘சீன் 12 நல்ல டேக்’ என்று மாற்றினால் ஒவ்வொரு ஷாட்டையும் கையால் தேட வேண்டிவரும்.

அடுத்தது சிங்க், அதாவது தனித்தனியே பதிவான படத்தையும் ஒலியையும் பொருத்துவது. கிளாப் கட்டை ஒட்டும் முதல் ஃப்ரேமும் ஒலி அலையின் முதல் எகிறலும் பொருந்த வேண்டும். அதோடு விடாமல் டேக்கின் கடைசி வசனத்தில் உதட்டசைவையும் பாருங்கள். கேமரா விநாடிக்கு 23.976 ஃப்ரேமில் எடுத்ததை 24-ஆக ஓடவிட்டால் படமும் ஒலியும் ஒரு நிமிடத்தில் ஒன்றரை ஃப்ரேம் அளவே விலகும், கண்ணுக்குப் படாது. பத்து நிமிட டேக்கில் அதுவே 14 ஃப்ரேம், அரை விநாடிக்கும் மேல். ஆகவே படப்பிடிப்புக்கு முன்பே கேமரா, ஒலிப்பதிவு இரண்டு குழுக்களிடமும் ஃப்ரேம் ரேட்டைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்பது வழக்கம்.

உதவியாளரின் தரம் முழுதாகத் தெரிவது பிக்சர் லாக்குக்குப் (இனி வெட்டு மாறாது என்று முடிவாவதற்குப்) பிறகுதான். சவுண்ட் குழுவுக்கு ரீல் ரீலாக (படத்தின் பகுதி பகுதியாக) ஏ.ஏ.எஃப். ஃபைலும் (வெட்டிய ஒலித் துண்டுகளை ஒலி மென்பொருளுக்குக் கொண்டுபோவது), டைம்கோடு பதித்த வீடியோவும் போக வேண்டும். ஒவ்வொரு ரீலிலும் படம் தொடங்க இரண்டு விநாடிக்கு முன், அதாவது 48 ஃப்ரேம் முன்னால், ஒரு ஃப்ரேம் நீளத்துக்கு ‘பீப்’ ஒலி. அது இல்லாவிட்டால் மிக்சிங்கில் ரீல் நகர்ந்ததா என்று கண்டுபிடிப்பது கஷ்டம். வெட்டிய ஒலித் துண்டுகளின் இரு பக்கமும் எத்தனை விநாடி கூடுதல் வேண்டும் என்று அவர்களிடமே கேளுங்கள். லாக்குக்குப் பின் இயக்குநர் இரண்டே ஃப்ரேம் குறைத்தாலும் பதிப்பு எண்ணை மாற்றி, சவுண்ட், சி.ஜி., டி.ஐ. மூவருக்கும் அன்றே மாற்றப் பட்டியல் அனுப்புங்கள். யாரோ ஒருவர் பழைய பதிப்பில் வேலை செய்து ஒரு வாரம் வீணாவது, பெரும்பாலும் அந்த ஒரு மின்னஞ்சல் போகாததால்தான்.

இதையெல்லாம் வீட்டிலேயே பழகலாம். ஒரு கைபேசியில் படம், இன்னொன்றில் ஒலி, நடுவில் கைதட்டல். கைபேசி வீடியோவின் ஃப்ரேம் ரேட் ஏறி இறங்கும். முதலில் நிலையான ரேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு போதும். தரமணி எம்.ஜி.ஆர். திரைப்படக் கல்லூரியிலோ புனே, கொல்கத்தா திரைப்படப் பயிற்சி நிறுவனங்களிலோ படித்தால் நல்லது. படிக்காதவர்களும் உள்ளே வருகிறார்கள்.

சேரும் முன் மூன்றைக் கேளுங்கள்: சம்பளம் மாதத்துக்கா படத்துக்கா, டைட்டிலில் பெயர் வருமா, படம் நின்றுபோனால் பாக்கி யார் தருவார்கள். கேட்கத் தயங்க வேண்டாம். பதிலை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கிவிடுங்கள்.