பிரின்டர் இருந்தது, அமைப்புகளைத்தான் காணோம்

லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மாற்றியதில் ஒரு தொந்தரவும் இல்லை. ராத்திரி ஆரம்பித்தேன், காலையில் முடிந்திருந்தது. கோப்புகள், வைஃபை எல்லாம் அதனதன் இடத்தில். பிரின்டரும் பட்டியலில் இருந்தது. அதை நம்பி 40 பக்க ஆவணம் ஒன்றை அச்சுக்குக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனதுதான் தப்பு.

வந்து பார்த்தால் 40 பக்கத்துக்கும் 40 தாள். ஒன்றில்கூடப் பக்க எண் இல்லை. இருபக்க அச்சு, டோனர் சிக்கனம், ஏ4 தாள் என்று நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த எதுவும் இல்லை. தாள் அளவு லெட்டர் (அமெரிக்காவில் புழங்கும் தாள் அளவு) என்று மாறியிருந்தது. ஏ4 உயரம் 297 மி.மீ., லெட்டர் 279. அந்த 18 மி.மீட்டரில் போயிருக்கின்றன என் பக்க எண்கள்.

நண்பர் ஒருவரைக் கேட்டேன். "பிரின்டரை நீக்கிட்டு மறுபடி சேர்த்துடுங்க, சரியாயிடும்" என்றார். யோசிக்காமல் நீக்கினேன். தயவுசெய்து இதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். பிரின்டரை நீக்கினால், அதன் வசதிகளை விவரிக்கும் பிபிடி (PPD) கோப்பையும் கப்ஸ் (CUPS), அதாவது லினக்ஸில் அச்சு வேலைகளைக் கவனிக்கும் மென்பொருள், சேர்த்தே அழித்துவிடும். தாள் அளவிலிருந்து இருபக்க அச்சு வரை நாம் வைத்த இயல்பு அமைப்புகள் அதில்தான் இருக்கின்றன. மறுபடி சேர்த்த பிரின்டர், அதற்கென்றே உள்ள டிரைவர் நிரல் இல்லாமல் பொதுவாக அச்சிடும் முறையில் வந்து உட்கார்ந்தது. அதில் டோனர் சிக்கனம் என்ற பேச்சே இல்லை.

சரி, வாராவாரம் பேக்கப் எடுக்கிறோமே என்று அதைத் திறந்தேன். அதில் இருந்தது என் ஹோம் ஃபோல்டர் மட்டும். பிரின்டர் அமைப்புகள் இருப்பதோ, கணினிக்குப் பொதுவான அமைப்புகளை வைக்கும் இடிசிக்குள் (/etc) உள்ள கப்ஸ் ஃபோல்டரில். நல்லவேளையாக, டிஸ்க் மாற்றியபோது எடுத்த முழு நகல் ஒன்று பழைய ஹார்ட் டிஸ்க்கில் தூங்கிக்கொண்டிருந்தது. அதிலிருந்து, பிரின்டர்களின் பட்டியல் இருக்கும் பிரின்டர்ஸ் கான்ஃப் (printers.conf) கோப்பையும் பிபிடியையும் எடுத்து உரிய இடத்தில் போட்டு, கப்ஸை மறுதொடக்கம் செய்தேன். ஒன்றும் மாறவில்லை. மறுபடி போட்டேன், மறுபடியும் அதே கதை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் புரிந்தது: கப்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது பிரின்டர்ஸ் கான்ஃப் கோப்பில் கை வைக்கக் கூடாது. தன் நினைவில் இருப்பதை அது திரும்ப மேலே எழுதிவிடும். முதலில் நிறுத்து, அப்புறம் நகலெடு, கோப்பின் உரிமையாளர், அனுமதி எல்லாம் முன்பு இருந்த மாதிரியே இருக்கிறதா என்று பார், பிறகு தொடங்கு. இதுதான் வரிசை.

பழைய பெயரோடு பிரின்டர் வந்துவிட்டது. அச்சுக்குக் கொடுத்தால் 'ஃபில்டர் ஃபெயில்டு' என்று பிழைச் செய்தி. பிபிடிக்குள் கப்ஸ்ஃபில்டர் என்று தொடங்கும் வரியில் ஒரு நிரலின் பெயர் இருக்கும். அந்த நிரலையே காணோம். அப்கிரேட் ஆனபோது டிரைவர் தொகுப்பு கழன்றுபோயிருக்கிறது. தொகுப்பை நிறுவியதும் அச்சு வந்தது.

ஆனால் ஒற்றைப் பக்கமாக! வெறுத்துப்போய், வீட்டில் இன்னொருவர் கணக்கில் நுழைந்து அச்சிட்டேன். இருபக்கமும் அழகாக வந்தது. அப்படியானால் கோளாறு பிரின்டரில் இல்லை, என் கணக்கில். காலையில் பதற்றத்தில் டெர்மினலில் ஏதேதோ அடித்துப் பார்த்தேனே, அதில் ஒன்று எல்பிஆப்ஷன்ஸ் (lpoptions), அச்சு அமைப்புகளை மாற்றும் கட்டளை. நிர்வாகி உரிமை தரும் சூடோவை (sudo) முன்னால் போட்டு அடித்தால் அது கணினியில் உள்ள எல்லோருக்குமான அமைப்பை மாற்றும். போடாமல் அடித்தால் ஹோமுக்குள் மறைந்திருக்கும் கப்ஸ் ஃபோல்டரில் எழுதி வைக்கும், பொது அமைப்பையும் மிஞ்சி நிற்கும். இருபக்கத்தை ஒற்றைப் பக்கமாக்கிய புண்ணியவான் நானேதான். அந்தச் சின்னக் கோப்பை அழித்தேன், தீர்ந்தது.

இப்போது இடிசியில் உள்ள கப்ஸ் ஃபோல்டரும் பேக்கப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 631 (localhost:631) என்ற முகவரியில் திறக்கும் கப்ஸ் பக்கத்தில் பிரின்டரின் இயல்பு அமைப்புகளைப் பார்க்கலாம். அதையும் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். நீங்கள் அப்கிரேட் செய்வதற்கு முன்னால் இந்த இரண்டையும் செய்துவிடுங்கள், ஐந்து நிமிடம்கூட ஆகாது. வீணான 40 தாள்களின் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. சோதனைப் பக்கங்களை எல்லாம் அதில்தான் அடித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் 29 மிச்சம்.